எட்மண்டின் கால் சுற்று

எட்மண்டைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் எனக்கு முதலில் கோபம்தான் வரும். இருபது வருஷத்துக்கும் மேலாக அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரே கம்பெனியில் இரண்டு பேரும் ஃபிட்டர் வேலை பார்க்கிறோம். கம்பிரசரிலிருந்து ஒவ்வொரு மெஷினுக்கும் காற்று கொண்டுபோகிற குழாய்கள் எங்கள் பொறுப்பு. வேலையில் அவனைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரு பழக்கம் அவனிடம் உண்டு. ஜாயிண்ட்டை இறுக்கி முடித்த பிறகும் ஸ்பேனரை எடுக்க மாட்டான். ஒரு நொடி யோசிப்பான். பிறகு இன்னும் ஒரு கால் சுற்று கொடுப்பான். அந்தக் கால் சுற்றைக் கொடுக்காவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது.

எங்கள் வயதில் எஸ்டேட்டில் தொழில் கற்ற எல்லோருக்குமே இது கொஞ்சம் உண்டு. காற்று கசிந்தால் கண்ணுக்குத் தெரியாது. அதனால் கையில் தெம்பு இருக்கிறவரை இறுக்கு என்றுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். இரும்பும் பித்தளையும் அதைத் தாங்கும். நான் காலப்போக்கில் குறைத்துக்கொண்டேன், அவன் குறைத்துக்கொள்ளவில்லை. சொன்னால் கேட்கிற ஆளா அவன்?

எட்மண்டின் வீடு அண்ணனூரில், ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம். கீழே ஒரு ஹால், ஒரு படுக்கையறை, சமையலறை. மேலே ஷீட் போட்ட ஒற்றை அறை. மனைவி ஜெயசீலி நர்சரி பள்ளியில் டீச்சர். வாய் ஓயாமல் பேசுகிறவள். நான் உள்ளே நுழைந்ததும், “வாங்க எத்திராஜ் அண்ணே, உங்க ஃபிரண்டு இன்னிக்கு பாத்ரூம் குழாயத் திருகியே ஒடச்சிட்டாரு, வந்து பாருங்க” என்று ஆரம்பித்துவிடுவாள். ஒரே பையன் ரெனிஷ். அவனும் அம்மா மாதிரியே வாயாடிதான், அந்த மே மாதம் வரைக்கும்.

அந்த மே மாதம் எது என்று நான் விளக்க வேண்டியதில்லை. கொரோனாவின் இரண்டாவது அலை அடித்த மே. ஜெயசீலிக்குக் காய்ச்சல் வந்து, விரலில் மாட்டுகிற மெஷினில் ஆக்சிஜன் எண் இறங்க ஆரம்பித்தது. ரெனிஷ் அம்மாவைக் கூட்டிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரி வாசலில் போய் நிற்கலாம் என்றான். எட்மண்ட் காதில் வாங்கவில்லை.

“வாசல்ல ஆம்புலன்ஸ்லயே வெச்சி பாதி பேரு போய்ட்டுகீறான் மாமே. ஊட்லயே நான் லைன் போட்டுத் தரேன். ஆயிரம் மெஷினுக்குக் காத்து குடுத்தவன், எம் பொண்டாட்டிக்குக் குடுக்க மாட்டனா?” என்று என்னிடம் போனில் சொன்னான். அன்றைக்கு அது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது.

பூந்தமல்லி ரோட்டில் ஒரு கேஸ் வியாபாரியிடம் கெஞ்சிக் கூத்தாடி ஒரு சிலிண்டர் வாங்கினான். அதற்கு ஒரு மீட்டர் வால்வு. வால்வுக்குக் கீழே தண்ணீர் ஊற்றிய ஒரு பிளாஸ்டிக் பாட்டில். ஆக்சிஜன் அந்தத் தண்ணீருக்குள் குமிழி விட்டு ஈரமாகி, பிறகு குழாய் வழியாக மூக்குக்குப் போகும். எல்லாவற்றையும் அவனே மாட்டினான். நான் முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்தேன். பாட்டிலில் குமிழி கொப்பளித்துக்கொண்டே இருந்தது. அதைப் பார்த்துத்தான் எங்கள் எல்லோருக்கும் தைரியம் வந்தது.

ஆனால் எண் ஏறவில்லை. எட்மண்ட் வால்வை இன்னும் கொஞ்சம் திறந்தான். குமிழி அதிகமானது, எண் அப்படியே நின்றது. மறுபடியும் திறந்தான். மறுநாள் வரை தாங்கும் என்று கணக்குப் போட்டிருந்த சிலிண்டர் பாதியிலேயே தீர்ந்துவிட்டது. அடுத்த சிலிண்டருக்காக அவன் குட்டியானை வண்டி பிடித்துக்கொண்டு போயிருந்த மத்தியானத்தில் ஜெயசீலி போய்விட்டாள். பக்கத்தில் ரெனிஷ் மட்டும்தான் இருந்தான். அடக்கத்துக்குக்கூட எங்களை விடவில்லை.

அதற்குப் பிறகு எட்மண்ட் யாரைப் பார்த்தாலும் ஒன்றையேதான் சொல்வான். “பாதி சிலிண்டர் குடுத்து ஏமாத்திட்டான் அந்தப் பாவி. எங்கிட்ட ஒரு இழை லீக் கெடையாது. ஸ்பேனர் போட்டு நானே திரும்பத் திரும்ப டைட் பண்ணேன்.” கல்லறைத் திருநாளில் மெழுகுவர்த்தி கொளுத்திக்கொண்டே அதைச் சொன்னான். சர்ச் வாசலில் பங்குச் சாமியாரிடம் சொன்னான். டீக்கடையில் முன்பின் தெரியாதவனிடமும் சொன்னான். கம்பெனியில் ஒருத்தன், “ஃபிட்டர் ஊட்டு லைன்லயே லீக்காம்பா” என்று முதுகுக்குப் பின்னால் பேசினான். நான் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்துவிட்டேன். இன்னொரு தடவை பேசினாலும் பிடிப்பேன்.

அந்தப் பேச்சு எட்மண்டின் காதுக்கும் போயிருக்க வேண்டும். அப்புறம் அவன் கையைப் பார்க்கவே பயமாக இருக்கும். கால் சுற்று அரைச் சுற்று ஆனது. மரை தேய்ந்து போகிற அளவுக்கு இறுக்குவான். நான் முடித்த ஜாயிண்ட்டையும் எனக்குத் தெரியாமல் வந்து ஒரு திருகு திருகிவிட்டுப் போவான். சூப்பர்வைசர் கத்துவார், இவன் தலையைக் குனிந்துகொள்வான், மறுநாளும் அதையே செய்வான். எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வரும்.

ஆனால் அதைவிடப் பெரிய கொடுமை வீட்டுக்குள் நடந்தது. அடக்கம் முடிந்து இரண்டொரு நாளில் ரெனிஷ் அப்பாவிடம் பேசுவதை நிறுத்திவிட்டான். சண்டை கிண்டை ஒன்றும் இல்லை. ஒரு வார்த்தை இல்லை, அவ்வளவுதான். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று சொன்னதை அப்பா கேட்கவில்லை, அந்தக் கோபம் என்று எல்லோரும் நினைத்தோம். எட்மண்டும் அப்படித்தான் நினைத்தான். நியாயம்தானே, அவன் கோபம் தீருகிறவரை இருக்கட்டும் என்றான். ஒரு வருஷம் போனது, இரண்டு போனது. இந்தச் சித்திரை வந்தபோது நாலு வருஷம் ஆக இருந்தது.

வேடிக்கை என்னவென்றால் பையன் மற்ற எதிலும் குறை வைக்கவில்லை. எட்மண்டின் பிரஷர் மாத்திரை தீருவதற்கு முன்னால் புது அட்டை தட்டுக்குப் பக்கத்தில் இருக்கும். மழை வந்தால் அவன் வண்டியை உள்ளே தள்ளி வைப்பான். ஆனால் வாய் மட்டும் திறக்காது. எட்மண்டோ ஃபிரிட்ஜைப் பார்த்து, “குழம்பு அடுப்புல கீது” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவான்.

ஒரு தடவை எனக்குப் பொறுக்காமல் ரெனிஷைப் பிடித்து நிறுத்தினேன். “இன்னா நைனா நெனச்சிக்கினுகீற? பெத்தவன் செவுத்துகிட்ட பேசிக்கினுகீறான். ஒரு வார்த்த பேசினா ஒன் வாய்ல இருக்கற முத்து கொட்டிடுமா?”

“விடுங்க அங்கிள்” என்றான். முகத்தைத் திருப்பிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டான். எனக்கு அவனை இரண்டு அறை அறையலாம் என்று வந்தது.

எட்மண்டுக்கு இந்த உலகத்தில் வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. ரெனிஷ் திரும்பவும் ‘டாடி’ என்று கூப்பிட வேண்டும். அது ஒன்றுதான்.

ரெனிஷுக்கு வேலை மாடி அறையில், கம்ப்யூட்டரில். வேலப்பன்சாவடியிலும் அந்தப் பக்கத்திலும் கட்டப்போகிற ஃபிளாட்டுகளை, கட்டி முடித்து ஆட்கள் குடிவந்துவிட்ட மாதிரி படமாக்கித் தருகிற வேலை. ஒரு படம் வர அந்த மெஷின் மணிக்கணக்கில் மூச்சு முட்ட ஓட வேண்டும். மேலே ஷீட்டுக் கூரை, வெளியே சித்திரை வெயில். பாதிப் படத்தில் மெஷின் சூடு தாங்காமல் தானாக அணைந்துவிடும். ஃபேன் மேல் ஃபேன் வைத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் தண்ணீர் ஓடவிட்டுக் குளிர வைப்பது என்று முடிவு செய்தான். கார் எஞ்சின் விவகாரம்தான். சூடாகிற பாகத்தின் மேல் ஒரு செம்புக் கட்டை. அதற்குள் தண்ணீர் ஓடிச் சூட்டை வாங்கிக்கொண்டு ரேடியேட்டருக்குப் போய், அங்கே ஆறி, திரும்ப வரும். கட்டை வந்தது, பம்ப் வந்தது, ரேடியேட்டர் வந்தது. இவற்றையெல்லாம் குழாயோடு சேர்க்கிற ஃபிட்டிங் மட்டும் தப்பான அளவில் வந்தது. திருப்பி அனுப்பி மறுபடி வரவழைக்க நாளாகும்.

அது வந்த மறுநாள் காலை கம்பெனி கேட்டுக்கு எதிரே டீக்கடையில் எட்மண்ட் எனக்காகக் காத்திருந்தான். கண் சிவந்திருந்தது. நான் பயந்துவிட்டேன்.

“பேசிட்டான் மாமே” என்றான்.

“யாரு?”

“ரெனிஷ். மாடிலேர்ந்து எறங்கி வந்தான். எதுத்தாப்ல நின்னான். பேசிட்டான்.”

“இன்னாடா சொன்னான்?”

எட்மண்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பைபிள் வசனம் ஒப்பிக்கிற மாதிரி நிறுத்தி நிதானமாகச் சொன்னான். “‘டாடி, கால் இஞ்ச் பேரலல் த்ரெட் ஃபிட்டிங், ஓ-ரிங்கோட, எஸ்டேட்ல கெடைக்குமா?’”

நாலு வருஷம் கழித்துப் பேசினால் இதையா பேசுவார்கள் என்று எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. எட்மண்ட் சிரிக்கவில்லை. டீ ஆறிக்கொண்டிருந்தது, அவன் அதைத் தொடவே இல்லை. நான் அவன் தோளைப் பிடித்து அழுத்தினேன்.

அந்த வாரமே மூன்று பேரும் எஸ்டேட்டில் வினோத்தின் கடைக்குப் போனோம். காற்றுக் குழாய் சாமான்களுக்கு நாங்கள் வழக்கமாகப் போகிற கடை அது. எட்மண்ட் கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்க வந்தவன் மாதிரி வினோத்தைப் பாடாய்ப் படுத்தினான். அதை எடு, இதைப் பிரி, உள்ளே வேறு என்ன இருக்கிறது, காட்டு என்று கவுன்டர் முழுக்கப் பரப்பிவிட்டான். முதலில் நீலக் குழாய் ஒன்றை எடுத்துப் பையன் கையில் கொடுத்தான். எங்கள் லைனில் நாங்கள் போடுவது.

“இது ஏழு பார் பிரஷர் தாங்கும்டா.”

“இங்க ஒரு பார் கூட வராது டாடி” என்றான் ரெனிஷ். ‘டாடி’ என்றதும் எட்மண்ட் என்னைத் திரும்பிப் பார்த்தான். கேட்டாயா என்று கேட்கிற பார்வை. “இது கெட்டியா இருக்கு. பெட்டிக்குள்ள குட்டி வளைவுல திரும்பும்போது மடிஞ்சிரும். மடிஞ்சா தண்ணி நின்னுரும். மெத்துன்னு, கனமா, உள்ள ஓடறது தெரியற மாதிரி வேணும்.”

வினோத் கண்ணாடி மாதிரி தெரிகிற மெத்துக் குழாயை எடுத்துப் போட்டான். ரெனிஷ் அதை விரலில் சுற்றிப் பார்த்துவிட்டுச் சரி என்றான். அடுத்தது ஃபிட்டிங். வினோத் அலுமினியத்தில் ஒன்று காட்டினான். கட்டை செம்பு, பக்கத்தில் அலுமினியம் இருந்தால் தண்ணீரில் இரண்டும் சேர்ந்து அரித்துவிடும் என்று ரெனிஷ் தள்ளி வைத்தான். பித்தளையில் நிக்கல் பூசியது வந்தது. அதிலும் இரண்டு ரகம். ஒன்று நாங்கள் தினமும் போடுகிற, நுனி சரிந்த மரை. திருகத் திருக ஆப்பு அடித்த மாதிரி இறுகும். இன்னொன்று நேர் மரை. கழுத்தில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும், அந்த வளையம்தான் தண்ணீரைத் தடுக்கும். மரைக்கு அங்கே வேலை இல்லை.

எட்மண்டின் கை தானாகச் சரிந்த மரைப் பக்கம் போனது. ரெனிஷ் அவன் கையின் மேல் கையை வைத்து நிறுத்தினான். “அது வேணாம் டாடி. கட்டையோட மேல் மூடி அக்ரிலிக். ஆப்பு மாதிரி உள்ள போனா விரிசல் விட்ரும்.” எட்மண்ட் கையை எடுக்கவில்லை. பையனின் கை தன் கையின் மேல் இருக்கிறவரை அப்படியே வைத்திருந்தான். பிறகு சரி என்று தலையாட்டி நேர் மரையை எடுத்தான்.

சனிக்கிழமை மாலை மாட்டினார்கள். நான் வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எட்மண்ட் பழக்க தோஷத்தில் ஃபிட்டிங்குக்கு வெள்ளை டேப் சுற்ற ஆரம்பித்தான். ரெனிஷ் சிரித்துக்கொண்டே அதைப் பிரித்து எறிந்தான். “டேப் வேணாம். ஸ்பேனரும் வேணாம். கையால திருகி, வளையம் ஒக்காந்ததும் விட்ருங்க.”

“கையால திருகறதெல்லாம் ஒரு ஜாயிண்ட்டாடா?”

“இதுக்கு அதான் டாடி ஜாயிண்ட்.”

பேட்டரிக்கு ஊற்றுகிற தண்ணீரை நிரப்பி, ஒவ்வொரு ஃபிட்டிங்குக்குக் கீழேயும் டிஷ்யூ காகிதம் விரித்து, பம்பை மட்டும் ஒரு நாள் முழுக்க ஓடவிட்டார்கள். ஒரு காகிதம்கூட நனையவில்லை. ரெனிஷ் அந்தக் குழாய்களைப் பார்த்துவிட்டு, “மம்மி இருந்திருந்தா, ‘ஏன்டா கம்ப்யூட்டருக்கு ட்ரிப்ஸ் ஏத்துறீங்க’ன்னு கேட்டிருப்பாங்க” என்றான். எட்மண்ட் சிரித்தான். சிரித்துக்கொண்டே இருந்தவன் திடீரென்று எழுந்து மொட்டைமாடிப் பக்கம் போய் நின்றுகொண்டான். நாலு வருஷத்தில் அப்பனுக்கும் மகனுக்கும் நடுவில் அவள் பேச்சு வந்தது அன்றைக்குத்தான்.

அதற்குப் பிறகு வந்த சில வாரங்கள் எட்மண்டுக்கு நல்ல வாரங்கள். காலையில் வந்ததும் கிரிக்கெட் ஸ்கோர் சொல்கிற மாதிரி என்னிடம் டிகிரி சொல்வான். “நேத்து வெயில்லகூட அறுவத்திரண்டைத் தாண்டல மாமே.” முதலில் தண்ணீர், குழாய், சூடு என்று மட்டும் பேசிக்கொண்ட அப்பனும் மகனும் பிறகு சாப்பாடு, சம்பளம், மீன் விலை என்று பேச ஆரம்பித்தார்கள். நெமிலிச்சேரிப் பக்கம் ஒரு பெண் இருக்கிறாள், பார்க்கலாமா என்றுகூட எட்மண்ட் கேட்டுவிட்டானாம். பையன் வேண்டாம் என்று சொல்லவில்லையாம். கம்பெனியில் அவன் நான் முடித்த ஜாயிண்ட்டைத் திருகுவதை விட்டுவிட்டான். மனுஷனுக்குப் பைத்தியம் தெளிந்துவிட்டது என்று நான் கலைவாணியிடம் சொன்னேன். கலைவாணி என் மனைவி.

தெளியவில்லை. திருகுகிற இடம்தான் மாறியிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலைப் பூசை முடிந்ததும் சாப்பிட வரச்சொல்லிக் கூப்பிட்டான். அப்பனும் மகனும் சேர்ந்து சமைத்த பிரியாணி. மூன்று பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மேலே மெஷின் படம் வரைந்துகொண்டிருந்தது, அதன் சத்தம் கீழே வரை கேட்டது. திடீரென்று சத்தம் நின்றது. ரெனிஷ் எச்சில் கையோடு மாடிக்கு ஓடினான். நாங்களும் பின்னால் போனோம்.

அறையில் கருகிய வாடை. பெட்டிக்குள் அந்தக் கட்டையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கீழே இருந்த எலக்ட்ரானிக் கார்டு முழுக்க நனைந்து, ஓரத்தில் கறுத்திருந்தது. ரெனிஷ் பிளக்கைப் பிடுங்கினான். பெட்டிக்குள் குனிந்து ஒவ்வொரு ஃபிட்டிங்காகத் தொட்டுப் பார்த்தான். ஒன்றைக் கையால் திருகிப் பார்த்தான், அசையவில்லை. அடுத்ததும் அசையவில்லை. நிமிர்ந்தான்.

“இதயெல்லாம் யார் தொட்டது?”

எட்மண்ட் கதவருகே நின்றான். “நான்தான்டா. நீ தூங்கும்போது காலைல வந்து பாப்பேன். ஒரு கால் சுத்து குடுப்பேன். டெய்லி. லூசாயிடக் கூடாதேன்னு.”

“ஸ்பேனர் போட்டா?”

“கையால திருகினது நிக்குமாடா? உன் சோறு இதுலதான கீது. நாளைக்கி லீக்காயி உன் மெஷினு போச்சின்னா நீ திரும்ப என்கிட்ட…” அவன் முடிக்கவில்லை.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. “அறிவு கீதாடா ஒனக்கு? அவன் கிளிப்பிள்ளைக்குச் சொல்ற மாரி சொன்னானே, கை மட்டுந்தான்னு” என்று கத்தினேன். ரெனிஷ் கத்தவில்லை. ஸ்பேனரை வாங்கி, சிரமப்பட்டு ஒவ்வொன்றாகக் கழற்றினான். கட்டையின் மேல் மூடி கண்ணாடி மாதிரி தெரிகிற பிளாஸ்டிக். அதை வெளியே எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான். மரைத் துளையிலிருந்து முடி இழை கனத்தில் ஒரு விரிசல் ஓரம் வரை ஓடியிருந்தது. ஃபிட்டிங் மாட்டியிருக்கும்போது அதன் கழுத்து விரிசல் தொடங்கிய இடத்தை மறைத்துவிடும். ஓரத்துக்கு வருகிறவரை வெளியே இருந்து பார்த்தால் தெரியவே தெரியாது.

எட்மண்ட் கிட்டே வந்து அதைக் கையில் வாங்கினான். விரலால் தடவினான். “பித்தளைல இப்டி ஆவாதே” என்றான்.

“இது பிளாஸ்டிக் டாடி. பிளாஸ்டிக் தாங்காது. முறுக்கின அன்னிக்கே விரிசல் விட்ருக்கும். மெதுவா ஓரத்துக்கு வந்திருக்கு.”

எட்மண்ட் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தான். போகட்டும், மெஷின்தானே, அப்பனும் பிள்ளையும் பேசிக்கொண்டிருந்தால் போதும், வேறு வாங்கிக்கொள்ளலாம் என்று நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் மெஷினைப் பற்றி யோசிக்கவில்லை.

“மம்மிக்கு மாட்டின பாட்டிலு” என்றான் மெதுவாக. “அதோட மூடியும் பிளாஸ்டிக்குதான்.”

ரெனிஷ் ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

“கையால திருகச் சொல்லித்தான் அதுலயும் போட்டிருந்தான். நான் ஸ்பேனர் போட்டேன். திரும்பத் திரும்பப் போட்டேன்.” அவன் எங்களிடம் பேசிய மாதிரி இல்லை. ஒவ்வொரு குழாயாகக் கையால் தடவிக்கொண்டே போகிறவன் மாதிரி பேசினான். “குமிழி வந்துச்சே. குமிழி தண்ணிக்குள்ள வந்துச்சு. தண்ணிக்கு மேல, மூடியில விரிசல் இருந்தா, குமிழி வரும். வந்துட்டு விரிசல் வழியா வெளிய போய்டும். அவ மூக்குக்குப் போவாது. நான் இன்னும் தொறக்கத் தொறக்க இன்னும் வெளிய போவும். அதான் எண் ஏறல. அதான் சிலிண்டரு…”

“டாடி, உக்காருங்க” என்றான் ரெனிஷ்.

“நீதான எல்லாத்தையும் எடுத்து வெச்ச. நீ பாத்தியாடா?”

“உக்காருங்க டாடி.”

“பாத்தியா?”

ரெனிஷ் என்னைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். “அடுத்த தெருவுல ஒருத்தங்களுக்கு வேணும்னு கேட்டாங்க. குடுக்கலாம்னு கழுவுனேன். மூடியைக் கழட்டினப்ப பாத்தேன். நான் அதை ஒடச்சிக் குப்பைல போட்டுட்டேன்.”

நாலு வருஷமாக எல்லோரும் கோபம் என்று நினைத்தது இதுதான். நான் அவனை நிறுத்தி வைத்துத் திட்டியதெல்லாம் எனக்கு வரிசையாக ஞாபகம் வந்தது.

“அதான் பேசலியா?” என்றான் எட்மண்ட்.

“நீங்க எப்பப் பாத்தாலும் நான் நல்லா டைட் பண்ணேன், நல்லா டைட் பண்ணேன்னு சொல்லிட்டே இருந்தீங்க. வாயத் தொறந்தா சொல்லிடுவேன்னு பயமா இருந்துச்சு டாடி. அதான் தொறக்கவே இல்ல. இப்ப நாலு வருஷம் ஆச்சு, பேசினாலும் இனிமே சொல்ல மாட்டேன்னு நெனச்சேன்.”

“சொல்லியிருக்கலாமேடா.”

“சொல்லியிருந்தா நீங்க உயிரோட இருந்திருப்பீங்களா?”

இருந்திருப்பேன் என்று எட்மண்ட் சொல்வான் என்று நான் காத்திருந்தேன். ரெனிஷும் காத்திருந்தான். எட்மண்ட் அந்த மூடியை மேஜை மேல் வைத்துவிட்டுப் போய்ச் சுவர் ஓரமாக உட்கார்ந்தான். உள்ளங்கை இரண்டையும் திருப்பி மடியில் வைத்துக்கொண்டு அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் கலைவாணிக்கு போன் செய்து, இன்றைக்கு வீட்டுக்கு வரமாட்டேன் என்றேன். ஏன் என்று கேட்டாள், அப்புறம் சொல்கிறேன் என்றேன். போய் எட்மண்டுக்குப் பக்கத்தில் அவன் தோளை ஒட்டி உட்கார்ந்தேன். ரெனிஷ் கீழே போய் வாசல் கதவைப் பூட்டி, சாவியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தான். வந்து அப்பாவின் இன்னொரு பக்கம் உட்கார்ந்து பேச ஆரம்பித்தான். ஸ்கூல் கதை, சினிமா கதை, மீன் மார்க்கெட் கதை என்று வாய்க்கு வந்ததையெல்லாம் நிறுத்தாமல் பேசினான். எட்மண்ட் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.